அரை மில்லிமீட்டர் நீதி

நில அளவைக்கு எதிராகத் தஞ்சாவூரில் நடந்த ஒரே வெற்றிகரமான போராட்டம் 1808இல் நடந்தது. நடத்தியது சங்கமோ கட்சியோ அல்ல, ஒரு கயிறு.

கும்பெனியின் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன், அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற அளவைக் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். டெல்டாவில் குன்று கிடையாது. தென்னந்தோப்பையும் மூங்கில் கொத்தையும் தாண்டிப் பத்து மைல் பார்க்க வேண்டுமானால் கோபுரத்தை விட்டால் வேறு கதியில்லை. ஏறிக்கொண்டிருக்கும்போது கயிறு அறுந்தது. கருவி ராஜராஜன் கட்டிய சுவரில் மோதி, அதன் பெரிய வட்டம் நெளிந்தது. லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து அதை இழுத்து நிமிர்த்தினார். அதற்குப் பிறகு இந்த மாவட்டத்துக்காரர்கள் தாலுகா ஆபீசிலும் கலெக்டர் ஆபீசிலும் திங்கட்கிழமைதோறும் கொடுத்த மனுக்கள் அத்தனையும் சேர்ந்தும் அளவைத் துறையை ஆறு வாரம் யோசிக்க வைத்ததில்லை.

லாம்டனைத் திட்ட எனக்கு மனமில்லை. 1802இல் சென்னைப் பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கி 1823இல் ஹிங்கன்காட்டில் சாகும்வரை, பூமியின் வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஒரே வெறியில் அலைந்த மனிதர் அவர். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களுக்குப் பூமி உருண்டையா தட்டையா என்பதில் அக்கறை இல்லை. 1799இல்தான் சரபோஜி மன்னரிடம் கோட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டுவைத்து, மீதித் தஞ்சாவூர் முழுவதையும் உடன்படிக்கை போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிய சொத்தை அளந்து பார்ப்பது எந்த முதலாளியும் செய்கிற வேலை. அந்தத் தியோடலைட் லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மொரீசியசுக்குப் போனது. போரில் இருந்த எதிரிக்கே அதை மரியாதையோடு திருப்பி அனுப்பிவைத்தார்கள். பீரங்கி என்றால் கொடுத்திருக்க மாட்டார்கள். ஊரான் நிலத்தை அளக்கும் கருவி என்றதும் இரண்டு சாம்ராஜ்யங்களுக்கும் இடையில் ஒரு தொழில்தர்மம் வந்துவிட்டது.

லாம்டன் இந்தத் தொழிலைப் பழகிய இடம் அமெரிக்கா. 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனின் படையிடம் சிறைப்பட்டவர், பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக் காட்டில் எல்லை பிரிக்கும் வேலையிலும், குடியேறிகளுக்கு நிலம் அளந்து கொடுக்கும் வேலையிலும் இருந்தார். அந்தக் காடுகளில் ஏற்கெனவே ஆட்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் நிலம் காலி என்று எழுதுவது வசதியாக இருந்தது. ‘காலி மனை’ என்ற தத்துவம் அங்கே பிறந்ததுதான். நம்மூர் ரியல் எஸ்டேட்காரர் கண்டுபிடித்தது என்று யாரும் தப்பாகப் பெருமைப்பட வேண்டாம்.

அமெரிக்க எல்லைக்கோடுகளின் வரலாற்றைப் படித்தால் இந்தக் கலைக்குச் சில நிரந்தர விதிகள் இருப்பது புரியும். டெல்டாவில் அவை இன்றும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கப்படுகின்றன.

முதல் விதி: கோடு போடுகிறவர் சேற்றில் இறங்கக் கூடாது. 1728இல் வர்ஜீனியாவுக்கும் வட கரோலினாவுக்கும் எல்லை பிரிக்க வில்லியம் பேர்ட் என்ற பெரிய நிலக்கிழார் தலைமையில் ஆணையர்கள் புறப்பட்டார்கள். வழியில் ஒரு மாபெரும் சதுப்பு நிலம் வந்தது. சர்வேயர்களும் கூலியாட்களும் சேற்றில் கோட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். பேர்டும் சக கனவான்களும் சுற்றுவழியாகப் போய் அக்கரையில் காத்திருந்தார்கள். கோட்டைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியது பேர்ட்.

நம்முடைய பேர்டுகள் சுற்றுவழியாகக்கூட வருவதில்லை. 2023 ஏப்ரலில் டெல்லியில் உட்கார்ந்து நிலக்கரி ஏல வரைபடத்தில் மூன்று கட்டம் போட்டார்கள்: தஞ்சாவூர் மாவட்டத்து வடசேரி, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டத்து சேத்தியாத்தோப்பின் கிழக்குப் பகுதி. அந்தக் கட்டங்களுக்குள் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தகவல் செய்தித்தாளில்தான் வந்தது. கூச்சல் எழுந்ததும் சில நாளில் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், முதலமைச்சர் நன்றி சொன்னார், ஊரெல்லாம் பெருமூச்சு. அதே ஏப்ரலில், அதே மாநிலத்தின் சட்டமன்றம் நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. சிறப்புத் திட்டம் என்று அரசு அறிவித்துவிட்டால், 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பை அதிலுள்ள ஏரி, ஓடை, வாய்க்காலோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். டெல்லி போட்ட கோட்டை அழிக்க எழுந்த கை, சென்னை போட்ட கோட்டுக்கும் எழுந்தது; முதல் தடவை எதிர்த்து, இரண்டாம் தடவை ஆதரித்து.

இதற்கும் மூன்று வருடம் முன்னால், 2020 பிப்ரவரி 9ஆம் தேதி, டெல்டா முழுவதும் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் என்று அன்றைய முதலமைச்சர் மேடையில் அறிவித்தார். திருச்சி, கரூர், அரியலூர் எல்லாம் அதில் இருந்தன. அதே மாதம் 20ஆம் தேதி சட்டமாக நிறைவேறியபோது அந்த மூன்றும் காணோம். பதினொரு நாளில் மூன்று மாவட்டத்தைக் காவிரிப் பாசனத்திலிருந்து பெயர்த்து வெளியே வைக்க எந்தச் சங்கிலி பயன்பட்டது என்பதை அளவைத் துறை ஆய்வு செய்ய வேண்டும். மண்டலத்துக்குள்ளும் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் திட்டங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்று எழுதிவைத்தார்கள். திருடன் உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்திவிட்டு, ‘வீடு பாதுகாக்கப்பட்டது’ என்று பலகை மாட்டிய கதை. அப்படி வெளியே வைத்த அரியலூரில்தான் பின்னால் மைக்கேல்பட்டி நிலக்கரிக் கட்டம் வந்து விழுந்தது.

இரண்டாம் விதி: கோடு முடிகிற இடத்தில் போட்டவருக்கு ஏதாவது இருக்க வேண்டும். வட கரோலினா ஆணையர்களுக்குக் கூலியாக நிலம் கிடைத்தது. அவர்களிடமிருந்து பேர்ட் 20,000 ஏக்கரை விலைக்கு வாங்கி, ஏதேன் என்று பெயர் வைத்தார். எல்லை பிரிக்கப் போனவருக்கே சொர்க்கத்தில் பட்டா. கல்லும் முள்ளும் பார்த்து நடந்தவர்களுக்குக் கிடைத்தது சேறு.

நம் டெல்டாவில் இந்த விதி ஜனநாயகப்படுத்தப்பட்டிருக்கிறது. ஏதேனைத் தவணை முறையில் வாங்குகிறார்கள். மூன்று மா நிலம் வைத்திருப்பவர், அதாவது ஒரு ஏக்கர்காரர், பக்கத்து வரப்பு வருஷத்துக்கு ஒரு சாண் நகர்ந்து வருவதைப் பார்த்துவிட்டு அத்துக் காட்டச் சொல்லி மனுப் போடுகிறார். பணம் கட்டிய ரசீது வருகிறது, ஆள் வரவில்லை. நாலு நடை நடந்தபிறகு ஒரு நாள் புலப்படத்தைச் சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். வயலில் நடப்பது இதுதான்:

“கல்லு எங்கய்யா?”

“இங்கதான் சார் இருந்துச்சு. வாய்க்கா வெட்ட வந்த பொக்லைன் பேத்துட்டுப் போயிருச்சு.”

“கல்லு இல்லாம எப்படி அளக்குறது? முச்சந்திக் கல்லுலேர்ந்து இழுத்துக்கிட்டு வரணும். ரெண்டு நாள் வேலை.”

“பாத்து செய்ங்க சார்.”

“நான் செஞ்சுருவேன்யா. சங்கிலி புடிக்கிற பசங்கள நீதான் பாத்துக்கணும்.”

1923ஆம் ஆண்டின் அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, நட்ட கல்லைப் பேணும் பொறுப்பு நிலத்துக்காரருடையது. கல் போனால் செலவும் அவர் தலையில். வாய்க்கால் அரசுடையது, பொக்லைன் ஒப்பந்தக்காரருடையது, பெயர்த்த கல்லுக்கு மட்டும் குற்றவாளி பட்டாதாரர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து யாராவது லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போனால், பினாப்தலீன் தடவிய நோட்டைக் கொடுத்தனுப்புகிறார்கள். வாங்கிய கையைச் சோடா உப்புக் கரைசலில் விட்டதும் இளஞ்சிவப்பாகிறது. இந்நாட்டு நில நிர்வாகத்தில் தவறே இல்லாமல் நடக்கும் ஒரே அறிவியல் அளவீடு அதுதான்.

மூன்றாம் விதி: துல்லியம் என்பது வாங்குவதற்கு, கொடுப்பதற்கு அல்ல. இதில் அமெரிக்கர்கள் நமக்கு மாணவர்கள். ராஜராஜன் காலத்தில், 1001ஆம் ஆண்டையொட்டி, சோழநாடு முழுக்க அளந்தார்கள். அளந்த அதிகாரிக்கு உலகளந்தான் என்றே பட்டம். அந்தக் கணக்கில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் பின்னம் வருகிறது. வேலி என்பது ஏறக்குறைய 6.6 ஏக்கர். வகுத்துப் பாருங்கள்: ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதி. ஒரு நெல் விழுந்தால் மூடிவிடும் இடத்துக்கு வரிக்கணக்கு. உலகிலேயே இத்தனை நுட்பமான அளவை எங்கும் இல்லை என்று மேடைதோறும் நெஞ்சு நிமிர்த்துகிறோம், நிமிர்த்தலாம். அதே கல்வெட்டுகளில், வரி விதிக்காமல் கழித்துவிட வேண்டியவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது: ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு, பறைச்சேரி. நெல் விளையும் அரைச் சதுர மில்லிமீட்டருக்குப் பின்னம் உண்டு. அந்த நெல்லை விளைவித்தவர்கள் குடியிருந்த இடம் சுடுகாட்டோடு ஒரே மூச்சில் கழிந்தது.

ஆயிரம் வருடம் ஓடிவிட்டது. கர்ணம் போனார், 1980இல் பரம்பரை மணியம் போனது, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அந்தக் காலத்தில் தொடங்கிய யூ.டி.ஆர். திட்டத்தில் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். புதுப்பித்ததில் ஒருவர் நிலம் அடுத்தவர் பெயருக்குப் போனது, கோயில் நிலம் தனியாருக்குப் போனது, செத்தவர் உயிரோடு வந்தார், இருப்பவர் காணாமல் போனார். ‘யூ.டி.ஆர். பிழை’ என்பது இன்று தனி இலக்கிய வகையாகிவிட்டது. வட்டாட்சியர் அலுவலகங்களில் அதற்குத் தனிக் கட்டு, கோட்டாட்சியரிடம் தனி விசாரணை. எழுத்தர் ஒரு நொடியில் செய்த பிழையைத் திருத்த விவசாயியின் மகன் வந்து, அப்புறம் பேரன் வருகிறான். இப்போது செயற்கைக்கோளைக் கொண்டு சென்டிமீட்டர் சுத்தமாக அளக்கிறோம் என்கிறார்கள். தப்பான பெயருக்கு நேரே சென்டிமீட்டர் சுத்தமாக எழுதுவதில் என்ன பெருமை?

டெல்டாவில் உழுபவர்களில் எத்தனையோ பேர் குத்தகைக்காரர்கள். நிலம் கோயிலுடையது, மடத்துடையது, சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மிராசுதார் பேரனுடையது. பெரும்பாலும் குத்தகை வாய்வார்த்தைதான். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. சட்டம் வந்தது, ஆனால் சாகுபடிக் கணக்கான அடங்கலில் பெயர் வரவில்லை. பெயர் ஏறினால் உரிமை வந்துவிடும் என்று நிலக்காரர் விடுவதில்லை, நிலக்காரரைப் பகைத்துக்கொள்ள அலுவலர் தயாரில்லை. விளைவு என்ன? சாகுபடி செய்தவர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டையோடு போனால் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்கிறார்கள். நிலக்காரர் தயவில் அவர் பெயரில் போட்டுவிட்டு, பணம் அவர் கணக்கில் ஏறியதும் வாசலில் போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ள வேண்டும். பயிர் மூழ்கினால் நிவாரணம் பட்டாவுக்கு வருகிறது. மூழ்கிய பயிருக்குக் கடன் வாங்கியவருக்கு ஆறுதல் வருகிறது. அரைச் சதுர மில்லிமீட்டர் வரைக்கும் கணக்குப் பார்த்த மண்ணில், ஆறடி மனிதனை ஒரு கட்டத்துக்குள் எழுத இடமில்லையாம்.

நான்காம் விதி: எல்லை தடுப்பது சின்னச் சரக்கைத்தான், பெரிய சரக்கை அல்ல. டெல்டாவின் நடுமடியில் ஒரு மாநில எல்லை ஓடுகிறது, வெளியூர்க்காரர்களுக்குப் பாதிப் பேருக்குத் தெரியாது. 1739இல் தஞ்சை மராட்டிய மன்னர் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்த காரைக்கால், 1954இல் இந்தியாவோடு சேர்ந்தது, தமிழ்நாட்டோடு சேரவில்லை. மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றும் கடலும் சுற்றி நிற்க, நடுவில் புதுச்சேரி. இரண்டு பக்கமும் ஒரே அரசலாறு, ஒரே சம்பா, ஒரே புகையான், கொடுக்கல் வாங்கலில் ஒரே சம்பந்தி வீடு. வெள்ளம் வந்தால் மட்டும் வேறு அரசு, வேறு அறிவிப்பு, வேறு தொகை. நண்டலாறு சோதனைச்சாவடியிலும் வாஞ்சூரிலும் காவல்துறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாநில இறையாண்மையைக் காக்கிறது. எதிலிருந்து? பாண்டிச் சரக்கு பாட்டிலிலிருந்து. குடிக்கக் கூடாது என்பதல்ல நோக்கம். எங்கள் அரசாங்கக் கடையில்தான் குடிக்க வேண்டும் என்பது.

அதே எல்லையைத் தரைக்கு அடியில் யாரும் மதிப்பதில்லை. வேளாண் மண்டலச் சட்டம் தமிழ்நாட்டுக்குச் சொந்தம், காரைக்காலுக்குச் செல்லாது. டெல்டாவின் எண்ணெய்க் கிணறுகளை நிர்வகிக்கும் ஓ.என்.ஜி.சி.யின் காவிரி அலுவலகம் இருப்பது காரைக்கால் நிரவியில். கச்சா எண்ணெய்க்கு எந்தச் சாவடியும் கிடையாது.

தண்ணீருக்கு உண்டு. 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத்தின் காவிரித் தீர்ப்பின்படி கர்நாடகம் பிலிகுண்டுலுவில் விட வேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அதற்கு முன் 192 என்று நடுவர் மன்றம் சொல்லியிருந்தது. இரண்டு தசமம் வரை சுத்தமான கணக்கு. காரைக்காலுக்கென்று புதுச்சேரிக்கு 7. எல்லைக்கல்லில் இத்தனை நுணுக்கமாக அளந்து வாங்கிய தண்ணீர் கடைமடைக்கு வரும்போது எத்தனை அங்குலம் என்று அளக்க ஆளில்லை. மேட்டூரில் பொத்தானை அழுத்திப் பூத்தூவப் போட்டி போடுகிற அமைச்சர் பெருமக்கள், அந்தத் தண்ணீர் வேதாரண்யம் பக்கத்து வாய்க்காலுக்கு எத்தனையாவது நாள் வந்தது என்று ஒரு தடவையாவது போய் நின்று பார்க்கலாம். வழியெங்கும் சேறு இருக்கும் என்பதுதான் சிக்கல். முதல் விதி நினைவிருக்கட்டும்.

கடைசி விதி: மிகக் கண்டிப்பான எல்லை வரைபடத்தில் இருக்காது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஓடும் கோட்டை எந்தச் சர்வேயரும் புலப்படத்தில் போட்டதில்லை. கல் கிடையாது, எண் கிடையாது, பொக்லைன் வந்தாலும் பெயராது. ஆனால் பிணம் எந்த வரப்பு வரைக்கும் வரலாம், எந்தத் தெருவுக்குள் வரக் கூடாது என்பது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டது குற்றம். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதாரர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன தண்டனை என்று சட்டப் புத்தகத்தில் இல்லை. தாண்டியவர்களுக்கு மட்டும் தெரியும்.

1767இல் பென்சில்வேனியா–மேரிலாந்து எல்லையை மேற்கே இழுத்துக்கொண்டு போன மேசன், டிக்சன் என்ற சர்வேயர்களை, கூட வந்த பூர்வகுடி வீரர்கள் ஒரு பாதையருகே நிறுத்தினார்கள். இதற்கு மேல் ஓர் அடிகூட வர மாட்டோம் என்றார்கள். அளவை அங்கே முடிந்தது. இலக்கை எட்டாமலே திரும்பினார்கள்.

அந்த மாதிரி நிறுத்த நம்மிடம் ஆள்பலம் உண்டு, கேட்கத்தான் யாரும் கேட்பதில்லை. ஆகவே கேட்டுவைக்கிறேன். வரைபடம் போதும், செயற்கைக்கோள் போதும், மண்டல அறிவிப்புகள் போதும். அடங்கலில் சாகுபடி செய்கிறவர் பெயரை எழுதுங்கள். அதற்கு அரை டன் கருவி வேண்டாம், விமானத்தின் மேல் ஏற வேண்டாம். ஒரு பேனாவும் நிலக்காரரின் முகத்தைப் பார்க்காத ஒரு அலுவலரும் போதும். அந்தச் சட்டம் 1969லிருந்து நம்மிடம் இருக்கிறது. அதைச் செய்யாத எந்த அரசும், எந்தக் கொடியின் கீழ் வந்தாலும், விவசாயியின் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்க அருகதை அற்றது.